புகைநீரில் ஊறவைத்தால் எந்த விதையும் முளைக்குமா?

அடிவார_நாற்று:

வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். சந்தனம், வேங்கை, சரக்கொன்றை, கொஞ்சம் பப்பாளி. இதில் சந்தனம்தான் எப்போதும் தலைவலி. ஒரே நாளில் விதைத்த படுக்கையில் முதல் நாற்றுக்கும் கடைசி நாற்றுக்கும் இடையில் மாதக்கணக்கு ஆகிவிடுகிறது. ஒரே உயரத்தில் நாற்று கேட்கிறவர்களுக்கு என்னத்தைக் கொடுப்பது?

வாட்ஸாப் குழு ஒன்றில் புகைநீர் பற்றி ஒரு வீடியோ வந்தது. வைக்கோலைப் புகையவிட்டு, அந்தப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி, அதில் விதையை ஊறவைத்தால் எந்த விதையும் முளைக்குமாம். விதையை எழுப்பக் கடையில் வாங்குகிற ஜிப்ரலிக் அமிலம் என்ற ஹார்மோனெல்லாம் தண்டச் செலவாம். பங்குனி, சித்திரையில் தீப்பிடித்துக் கருகிக் கிடந்த மலைச்சரிவு முதல் மழைக்கே பச்சை கட்டுவதை இங்கே வருஷா வருஷம் பார்க்கிறோம். அதனால் சும்மா தள்ளிவிடவும் மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலைவாசல்_மானாவாரி:

அண்ணே, வைக்கோல் விற்கிற விலைக்கு அதைக் கொளுத்தப் போறீங்களா? மாட்டுக்குப் போட்டாலாவது பால் வரும்.

மண்வாசம்:

கிண்டல் எதற்கு? நம் பாட்டிமார் விதைக்கு வைத்த சோளக்கதிரை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டார்களே, எதற்காம்? புகை பட்ட விதைதான் வீரியமாக முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரன் பாட்டிலில் அடைத்து விற்கிற ஹார்மோன் வந்த பிறகுதான் இதையெல்லாம் மறந்தோம். சந்தனமோ, பப்பாளியோ, எதுவாக இருந்தாலும் புகைநீர் போதும். தைரியமாகச் செய்யுங்கள்.

தாவர_வாத்தியார்:

சேலத்தில் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறேன். புகை விதையை எழுப்பும் என்பது உண்மை. 'எந்த விதையும்' என்பதில்தான் வீடியோக்காரர் அளந்துவிட்டார்.

இது தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய கதை. கேப் பகுதியில் ஃபைன்போஸ் என்ற புதர்க்காடு உண்டு. அடிக்கடி எரியும், எரிந்த பிறகு புதுச்செடிகள் மொய்க்கும். சூடுதான் விதையை எழுப்புகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1990இல் டி லாங்கே, பௌச்சர் என்ற இருவர் ஆடோவினியா கேப்பிடாட்டா என்ற அரிய புதரில், புகையே முளைப்பைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். அப்புறம் ஒரே ஓட்டம்தான். அந்தப் பகுதிச் செடிகளை வரிசையாகச் சோதித்தார்கள், ஆஸ்திரேலியாக்காரர்களும் இறங்கினார்கள்.

புகையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும். அதில் எது என்று பிடிக்க 2004 வரை ஆனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளெமாட்டி குழுவினரும், தென்னாப்பிரிக்காவில் வான் ஸ்டாடன் குழுவினரும் அதே ஆண்டில் அந்த மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்த வகைப் பொருள்களுக்கு கரிக்கின் என்று பெயர். செல்லுலோஸ் எரியும்போது உண்டாவது, அதனால் வைக்கோலோ, சருகோ, காகிதமோ எதை எரித்தாலும் கிடைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அளவு. நன்றாக உணரக்கூடிய விதைகளுக்கு 1 நானோமோலார் போதும். லிட்டருக்கு 0.15 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் ஒரு கிராம் கரிக்கின் 66 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு வரும். இவ்வளவு சொற்பத்தில் வேலை செய்கிறது என்றால் அது விதைக்குச் சத்தாக இருக்க முடியாது. தகவலாகத்தான் இருக்க முடியும். மேலே இருந்த காடு எரிந்துவிட்டது, வெளிச்சம் வரும், போட்டி இல்லை, கிளம்பு என்று.

எந்த விதைக்கு அந்தத் தகவல் தேவைப்படுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். வகுப்பு இருக்கிறது, சாயங்காலம் எழுதுகிறேன்.

மாடித்தோட்டம்_அஸ்தம்பட்டி:

சார், ஒரு சந்தேகம். எங்கள் தாத்தா வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார். அதில் எத்திலீன் வருவதால்தான் பழுக்கிறது என்று படித்திருக்கிறேன். எத்திலீனும் ஹார்மோன்தானே? அப்போ விதையையும் அதுதானே எழுப்பும்? கரிக்கின் எதற்கு நடுவில்?

தலைவாசல்_மானாவாரி:

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. கொடி ரக நிலக்கடலைக்கு எத்ரல் என்ற எத்திலீன் மருந்து போடுவது அதே கதைதானே.

தாவர_வாத்தியார்:

நல்ல கேள்வி, ஆய்வாளர்களுக்கும் முதலில் எத்திலீன் மேல்தான் சந்தேகம். எத்திலீன் வாயு. தண்ணீரில் ஊதினால் கொஞ்சம் கரையும், திறந்து வைத்தால் போய்விடும், கொதிக்கவைத்தால் சுத்தமாகப் போய்விடும். புகைநீரைக் கொதிக்கவைத்த பிறகும் அது முளைக்க வைக்கிறது, புட்டியில் நீண்ட நாள் வைத்திருந்தாலும் வீரியம் குறைவதில்லை. ஆகவே அதில் வேலை செய்வது வேறு பொருள். தாத்தாவின் வாழை அறையில் வேலை செய்தது எத்திலீனேதான். ஒரே புகை, இரண்டு ஆள்.

இரண்டோடும் முடியவில்லை. கலிஃபோர்னியாவில் எமனாந்தே என்ற ஒரு காட்டுச்செடி எரிந்த நிலத்தில் மட்டுமே தலைகாட்டும். அதைப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் எழுப்புகின்றன என்று கீலியும் ஃபாதரிங்காமும் 1997இல் எழுதினார்கள். கங்காருப்பாதம் என்கிற ஆஸ்திரேலியச் செடியை எழுப்புவது கிளிசரோநைட்ரில் என்ற சயனைடு சார்ந்த பொருள், அது தெரியவந்தது 2011இல்.

கடலை விஷயத்தில் தலைவாசல் நண்பர் சொன்னது சரி. அங்கே எத்திலீன்தான் சாவி. கொடி ரகத்துக்கு அறுவடையானதும் சில காலம் முளைக்காமல் கிடக்கிற உறக்கம் உண்டு, எத்ரல் தண்ணீரில் எத்திலீனை விட்டு அதைக் கலைக்கும்.

தலைவாசல்_மானாவாரி:

எங்களுக்குப் பிரச்சினையே தலைகீழ் சார். கொத்து ரக நிலக்கடலை பிடுங்குகிற சமயத்தில் நாலு நாள் மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். உரித்துப் பார்த்தால் பருப்பின் மூக்கில் வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருக்கும். மில்லில் வாங்க மாட்டார்கள். சாய்ந்த நெல்லும் இப்படித்தான், கதிரிலேயே முளைவிட்டு நிற்கும். எழுப்ப மருந்து இருக்கட்டும், தூங்க வைக்க ஏதாவது உண்டா?

தாவர_வாத்தியார்:

விதை உறக்கம் தொல்லை என்று நாற்றுப்பண்ணைக்காரர் சொல்கிறார், உறக்கம் இல்லாதது தொல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே ஹார்மோன் விவகாரம்.

விதை முற்றும்போது உள்ளே அப்சிசிக் அமிலம் சேரும். 'இப்போது வேண்டாம்' என்று முளைக்கருவை அடக்கி வைப்பது அதுதான். அதைத் தயாரிக்க முடியாத மக்காச்சோள மரபுப்பிறழ்வுகள் உண்டு, அவற்றில் கதிரிலேயே மணி முளைக்கும். எதிர்ப்பக்கம் ஜிப்ரலின், ஜிப்ரலிக் அமிலம் அதில் ஒரு வகை. நெல், சோளம் போன்ற தானியத்தில் முளைக்கரு ஜிப்ரலினை அனுப்பினால், மாவைச் சுற்றியுள்ள அலூரோன் அடுக்கு அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்கும். முளைக்கு அதுதான் சாப்பாடு. எது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எது மேலோங்கி நிற்கிறது என்பதே விதையின் முடிவைத் தீர்மானிக்கிறது. புதுநெல் முளைக்காமல் அடம்பிடிப்பதும், சில வாரம் கிடங்கில் கிடந்தபின் தானாக முளைப்பதும் இந்தச் சமநிலை மாறுவதால்.

ஜிப்ரலின் கண்டுபிடிப்பே ஒரு நெல் நோயிலிருந்து வந்தது. ஜப்பானில் சில நாற்றுகள் திடீரென்று ஒல்லியாக, வெளிறிப்போய், மற்றதற்கு மேலே ஒரு சாண் எழும்பிச் சாயும். பகானே நோய் என்பார்கள். பூஞ்சை வெளியிடும் ஒரு பொருள்தான் காரணம் என்று 1926இல் குரோசாவா காட்டினார். 1935இல் யாபுதா அதற்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார்.

கடலைக்குத் தூக்க மருந்து தேடவேண்டாம். அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் மட்டும் உறங்குகிற குணத்தைக் கொத்து ரகங்களுக்குள் கொண்டுவருவதுதான் இனவிருத்தியாளர்கள் பிடித்த வழி. விதை வாங்கும்போது அந்தக் குணம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

மண்வாசம்:

எல்லாம் சரி சார். ஆனால் எங்கே சுற்றினாலும் ஜிப்ரலிக் அமிலத்தில்தான் வந்து நிற்கிறீர்கள். புகையே அந்த வேலையைச் செய்யும் என்றால் கடைக்கு ஏன் போகவேண்டும்?

தாவர_வாத்தியார்:

புகை ஜிப்ரலின் இல்லை, ஜிப்ரலினுக்குப் பதிலும் இல்லை. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில்தான் இதை விலாவாரியாகப் பார்த்திருக்கிறார்கள். கரிக்கின் பட்டதும் அந்த விதை தன் சொந்த ஜிப்ரலினைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. ஜிப்ரலின் தயாரிக்க முடியாத விதைக்குக் கரிக்கின் கொடுத்தும் பலனில்லை. கூடவே வெளிச்சமும் வேண்டும். இருட்டில் வைத்துவிட்டு முளைக்கவில்லை என்று புகையைக் குறை சொல்லக்கூடாது.

விசித்திரம் என்னவென்றால், அராபிடாப்சிஸ் தீக்காட்டுச் செடியே கிடையாது. அப்படியும் கரிக்கினுக்கு அசைகிறது. செல்லுக்குள் கேஏஐ2 என்றொரு புரதம் அதற்குத் தேவை என்று 2012இல் தெரிந்தது. அது பெரும்பாலும் எல்லாத் தாவரத்திலும் இருக்கிறது, தீயையே பார்க்காத இனங்களிலும்கூட. அதனால் அந்தப் புரதம் உண்மையில் செடிக்குள்ளேயே இருக்கும் வேறொரு ஹார்மோனுக்காக அமைந்தது, புகை அதன் வழியில் நுழைந்துகொள்கிறது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

அதே புரதத்துக்கு நெருங்கிய சொந்தம் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனை உணரும் புரதம். இது ஆத்தூர், தலைவாசல் பக்கத்து ஆட்களுக்குத் தெரியவேண்டிய சமாச்சாரம். சோளக்காட்டில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை வருமே, அதன் விதை தூள்போல இருக்கும், வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். சோள வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் பட்டால் எழுந்து வேரில் ஒட்டிக்கொள்ளும்.

தலைவாசல்_மானாவாரி:

சுடுமல்லியைச் சொல்லாதீர்கள் சார், வயிறு எரிகிறது. சோளம் முழங்கால் உயரத்தில் வெளுத்துப்போய் நிற்கும். கீழே குனிந்து பார்த்தால் குட்டியாகப் பூத்துக்கொண்டு சிரிக்கும். சரி, சோளம் இல்லாதபோது அதை ஏமாற்றி எழுப்பிவிட்டால் பட்டினியில் சாகாதா?

தாவர_வாத்தியார்:

சாகும். அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். கரோலினா மாநிலங்களில் 1956இல் சுடுமல்லி தென்பட்டதும், சோளமோ மக்காச்சோளமோ இல்லாத நேரத்தில் மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தினார்கள். சுடுமல்லி விதைக்கு எத்திலீனும் ஒரு அழைப்பு. முளைத்தது, ஒட்ட வேர் இல்லை, செத்தது. பல வருஷம் விடாமல் செய்து பரப்பைப் பெருமளவு சுருக்கிவிட்டார்கள். வாயுவைச் செலுத்தும் கருவிகளுக்கு அரசாங்கம் செலவழித்தது, நம் மூன்று ஏக்கருக்கு அது கட்டுப்படியாகாது. சுடுமல்லியை முளைக்கத் தூண்டி, ஆனால் அதற்கு இரையாகாத பயிரை இடையில் போடுவது நமக்கு ஏற்ற வழி. பருத்தியும் அப்படிப்பட்டதுதான். ஸ்ட்ரைகோலை 1966இல் முதலில் பிரித்ததே பருத்தி வேரிலிருந்துதான்.

நிர்வாகி:

சுடுமல்லிக்குத் தனி இழை தொடங்குங்கள் நண்பர்களே. இங்கே புகை, ஹார்மோன், நாற்று.

மலைக்காரன்:

நான் ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்துக்காரன். மண்வாசம் சொன்ன பரண் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. மக்காச்சோளக் கதிரை மட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டு அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடுவோம். கொஞ்ச நாளில் மட்டை கருப்பு ஏறி எண்ணெய் தடவினதுபோல ஆகிவிடும். சாமை, கேழ்வரகுக்கு அப்படிக் கட்டுவதில்லை, அது கூடையில் சாம்பலோடு. அம்மாவைக் கேட்டால் 'வண்டு வராது, ஈரம் போகும்' என்றுதான் சொல்கிறார். முளைப்பு கூடும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தீ விஷயம். சரிவில் தீ போன பிறகு முதலில் வருவது புல். அது விதையில் வருவதில்லை, அடித்தூரிலிருந்து கிளம்புகிறது. உன்னிச்செடியும் அப்படியே, எரிந்த கட்டையிலிருந்து துளிர்க்கும். ஆவாரை, சரக்கொன்றை கன்றுகள் அப்புறம் மழை நின்று பெய்த பிறகுதான் கண்ணில் படும். புகை எழுப்பியதா, சூடு எழுப்பியதா, மேலே நிழல் போனதால் வந்ததா, நான் எப்படிச் சொல்ல?

தாவர_வாத்தியார்:

நீங்கள் பார்த்ததை நான் மாணவர்களுக்குக் காட்டவேண்டும். எரிந்த இடத்தில் பச்சை தெரிந்தாலே புகைதான் காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள். பச்சையில் பெரும்பகுதி நீங்கள் சொன்னபடி அடித்தூர்த் துளிர்ப்பு. மிச்சத்தில் சூடு உண்டு, வெளிச்சம் உண்டு, சாம்பல் சத்து உண்டு.

கேப் புதர்க்காடும் மேற்கு ஆஸ்திரேலியாவும் காலங்காலமாகத் தீயோடு வாழ்ந்தவை. நம் சரிவுகளில் பெரும்பாலான தீ மனிதர் வைத்தது. கோடையில் வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டிக்கொண்டு அல்லாடுகிறது. நம் மரங்களிடம் கேப் புதர்களைப்போல எதிர்பார்க்க முடியாது. யாரும் சோதனை செய்கிறேன் என்று சருகில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

ஆவாரை, சரக்கொன்றை, வேல மரங்கள், அவரைக் குடும்பத்தில் பெரும்பாலானவை: இவற்றின் விதையுறைக்குள் தண்ணீரே புகாது. உள்ளே முளைக்கரு விழித்துத்தான் இருக்கிறது. தூங்குகிறவரைக் கூப்பிட்டு எழுப்பலாம், கதவு வெளியே பூட்டியிருந்தால் உள்ளே இருக்கிறவரைக் கூப்பிட்டு என்ன பயன்? புகையும் வேண்டாம், ஜிப்ரலினும் வேண்டாம். தோலில் ஒரு கீறல், இல்லாவிட்டால் வெந்நீர். தீயின் சூடு செய்வதும் அதையே.

பரண் விஷயத்தில் அம்மா சொன்னதுதான் முதல் காரணம். ஆனால் மண்வாசம் சொன்னதும் வெறும் பேச்சில்லை. தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நட்டால் கிராமங்களிலும் மக்காச்சோளக் கதிரை அடுப்புப் புகையில் தொங்கவிடும் பழக்கம் உண்டு. அதைச் சோதித்தவர்கள் நாற்றின் வீரியம் கூடுவதைக் கண்டார்கள். வீரியம் வேறு, உறக்கத்தைக் கலைப்பது வேறு. மக்காச்சோளத்துக்கு எழுப்பவேண்டிய உறக்கமே பெரிதாக இல்லை.

காப்பித்தோட்டம்:

தாமதமாக வருகிறேன். காப்பிக்கு இதெல்லாம் உதவுமா? மார்கழியில் படுக்கை போடுவோம். ஒன்றரை மாதம் ஆகும் தலைதூக்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைத்தால் பாதி நாளில் வரும் என்கிறார்.

தாவர_வாத்தியார்:

தயவுசெய்து செய்யாதீர்கள். அராபிகா காப்பி விதைக்கு வெளியிலிருந்து ஜிப்ரலின் கொடுத்தால் முளைப்பு தடைபடுகிறது, முளைக்கருவில் செல்கள் செத்துப்போகின்றன என்று 2005இல் ஆய்வு வந்திருக்கிறது. எல்லா விதைக்கும் ஜிப்ரலின் நல்லது என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். காப்பி மெதுவாக வருவது முளைக்கருவை மூடிய கெட்டியான தசை இளகுவதற்கு நேரம் எடுப்பதால். அதை அவசரப்படுத்த வேண்டாம்.

காப்பி விதை காயக்கூடாது, பழையதாகக்கூடாது. பழத்தைப் பிதுக்கிய பிறகு சலித்த விறகுச் சாம்பலில் பிரட்டி நிழலில் பரப்பி, நாளுக்கொரு தடவை கிளறிவிட்டு, சீக்கிரம் விதைப்பதுதான் வழக்கம். உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே செய்வதுதானே?

காப்பித்தோட்டம்:

அதேதான். தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி கையால் ஒவ்வொன்றாக வைக்கவேண்டும், மேலே லேசாக மண், அதற்கு மேல் வைக்கோல். அவரிடம் சொல்லிவிடுகிறேன், பாவம் மருந்து வாங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

மலைக்காரன்:

சார், இன்னொன்று. எங்கள் மலையில் பாக்சைட் வெட்டிவிட்டுப் போன இடங்கள் இருக்கின்றன. மேல்மண் போய்ச் செங்கல் நிறத்தில் கெட்டியாகக் கிடக்கிறது. அங்கே புகைநீர் தெளித்தால் காடு வருமா?

தாவர_வாத்தியார்:

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை, ஆனால் இந்த இழையிலேயே சரியான கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா மரக்காட்டுக்குள் பாக்சைட் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தைத் திரும்பக் காடாக்க அங்கே புகை காட்டிய விதையைப் பயன்படுத்துகிறார்கள். புகை பற்றிய ஆய்வு அந்நாட்டில் இவ்வளவு வளர்ந்ததற்குச் சுரங்க நிலச் சீரமைப்பும் ஒரு காரணம்.

ஆனால் அவர்கள் வேலையில் பெரிய பங்கு மேல்மண்ணுக்குத்தான். வெட்டுவதற்கு முன் மேல்மண்ணைத் தனியாக வழித்து, குவித்துப் போட்டுவைக்காமல், வெட்டி முடித்த பக்கத்துக் குழியில் உடனே பரப்புகிறார்கள். காட்டின் விதைக் கையிருப்பு முழுக்க அந்த மண்ணில் இருக்கிறது. உங்கள் இடத்தில் மேல்மண்ணே இல்லையென்றால் புகைநீர் யாரை எழுப்பும்? முதலில் மண், பிறகு நம் மலையின் சொந்த மர விதைகள். சேலத்து மேக்னசைட் கழிவு மேடுகளுக்கும் இதே பதில்தான்.

மாடித்தோட்டம்_அஸ்தம்பட்டி:

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஒரு தடவையாவது செய்து பார்க்கவேண்டும்போல இருக்கிறது. புகைநீர் எப்படித் தயாரிப்பது?

மண்வாசம்:

நான் செய்கிற முறை: மூடி உள்ள தகர டப்பா. அடியில் காற்றுக்கு ஓட்டை, மூடியில் ஒரு குழாய். உள்ளே காய்ந்த புல், வைக்கோல். தீ எரியக்கூடாது, புகையவேண்டும். குழாயின் மறுமுனையைத் தண்ணீர்க் கேனுக்குள் விட்டு, கேனின் மேலிருந்து சின்ன பம்பால் காற்றை இழுத்தால் புகை தண்ணீருக்குள் குமிழ்விட்டுப் போகும். டீ டிகாஷன் நிறம் வரும்வரை விடலாம். அப்படியே ஊறவைப்பேன்.

தாவர_வாத்தியார்:

டப்பா, பம்பு எல்லாம் சரி. 'அப்படியே' என்பது மட்டும் வேண்டாம். புகையிலேயே முளைப்பைத் தடுக்கிற பொருள்களும் இருக்கின்றன. டிரைமெத்தில்பியூட்டனோலைடு என்று ஒன்றைப் பிரித்தே காட்டியிருக்கிறார்கள், அது கரிக்கினின் வேலையையே மட்டுப்படுத்தும். கெட்டிப் புகைநீர் விதையை அமுக்கிவிடும். 1 பங்குக்கு 500 பங்கு தண்ணீர் என்று தொடங்குங்கள், 100, 1000 என்றும் ஒவ்வொரு தட்டு வையுங்கள். சோயாவில் நிழலான சூழலில் கரிக்கின் முளைப்பைத் தாமதப்படுத்தியதாகவும் ஆய்வு உண்டு, ஆகவே ஒரு பயிரின் கதையை இன்னொன்றில் ஒட்டவேண்டாம். பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த மரம் எரிக்கக்கூடாது. வீட்டுக்குள்ளே செய்யக்கூடாது, தார் கலந்த புகை நெஞ்சுக்கு ஆகாது.

கண்ணால் பார்க்க ஆசையென்றால் கிராண்ட் ரேபிட்ஸ் என்ற லெட்யூஸ் ரகம் வாங்குங்கள். அதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், இருட்டில் பெரும்பாலும் கம்மென்று கிடக்கும். ஈரக் காகிதத்தில் விதையைப் பரப்பி இரண்டு தட்டையும் இருட்டில் வையுங்கள், ஒன்றுக்கு வெறும் தண்ணீர், மற்றதற்குப் புகைநீர். புகைநீரைச் சோதிக்க ஆய்வுக்கூடத்திலேயே இந்த விதையைத்தான் எடுக்கிறார்கள். அராபிடாப்சிஸுக்கு வெளிச்சம் வேண்டும் என்றேன், இதற்கு வேண்டாம் என்கிறேன். முரண்பாடு இல்லை, இனத்துக்கு இனம் அப்படித்தான்.

மண்வாசம்:

சரி சார், நீர்த்துப் பார்க்கிறேன். ஆனால் வெறும் தண்ணீர்த் தட்டு ஒன்று பக்கத்தில் வைக்காமல் நான் இதுவரை பேசிக்கொண்டிருந்தேன் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள் :)

தலைவாசல்_மானாவாரி:

சொல்லமாட்டோம் அண்ணே. ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடிவார_நாற்று:

கேள்வி கேட்டவன் நான்தான், கொஞ்சம் என் பக்கமும் பாருங்கள். சந்தனத்துக்கு என்ன முடிவு? பூச்சிமருந்துக் கடையில் கேட்டேன், ஜிப்ரலிக் அமிலம் என்று ஒரு லிட்டர் புட்டி கொடுத்தார்கள். லேபிளில் 0.001 சதம் என்று இருக்கிறது. தண்ணீரில் கலந்து விதைக்கு ஊற்றிவிடலாமா?

தாவர_வாத்தியார்:

அந்தப் புட்டி இலைக்குத் தெளிப்பது. 0.001 சதம் என்றால் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. சந்தனத்துக்கு வேண்டியது 500 பிபிஎம். கலக்காமல் அப்படியே ஊற்றினாலும் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூளாகக் கிடைப்பதை வாங்குங்கள். அரை கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நேரே தண்ணீரில் போட்டால் சரியாகக் கரையாது, முதலில் சில மில்லி ஆல்கஹாலில் கரைத்துவிட்டு மெதுவாகத் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். பழச்சதையைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்திய விதையை அதில் ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் காலை விதையுங்கள். புதிதாகப் பொறுக்கிய சந்தன விதைக்குச் சுமார் இரண்டு மாத உறக்கம் உண்டு, உங்கள் படுக்கை ஏறுமாறாக வருவதற்கு அதுதான் காரணம். அளவைக் கூட்டினால் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள், பகானே நெல் மாதிரி நாற்று நூலாக எழும்பிச் சாயும். பைக்கு மாற்றும்போது பக்கத்தில் ஒரு துவரை விதை போட மறக்காதீர்கள், சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி வாழ்வது.

மற்றதற்குச் செலவே இல்லை. சரக்கொன்றையை முளைக்கரு இல்லாத முனையில் சிமெண்டுத் தரையில் தேய்த்துவிட்டு ஊறவையுங்கள். நிறைய விதையென்றால் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு அப்படியே ஆறவிடுங்கள். காலையில் உப்பியதை மட்டும் பொறுக்கி விதையுங்கள், உப்பாததற்கு மறுபடி ஒரு சுற்று. வேங்கை நெற்றின் இறக்கையைக் கத்தரித்துவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பப்பாளி விதைமேல் வழவழவென்று ஒரு உறை இருக்கும், முளைப்பைத் தடுக்கிற பொருள் அதில்தான் இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

அடிவார_நாற்று:

நன்றி சார். கடைக்காரர் புட்டியைத் திருப்பி வாங்கமாட்டேன் என்கிறார், வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். சந்தனத்தில் ஒரு படுக்கை ஜிப்ரலிக் அமிலம், ஒரு படுக்கை 500க்கு 1 புகைநீர், ஒரு படுக்கை வெறும் தண்ணீர் என்று போடலாம் என்றிருக்கிறேன். மூன்றுக்கும் விதை ஒரே மரத்திலிருந்து எடுத்தால் போதுமா?

தாவர_வாத்தியார்:

ஒரே மரம் வேண்டாம், பல மரத்து விதையை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அதிலிருந்து மூன்று பங்கு எடுங்கள். மூன்று படுக்கைக்கும் ஒரே நிழல்வலை, ஒரே நேரம் தண்ணீர். முளைத்ததை எண்ணுவதோடு நிறுத்தாமல் எந்தத் தேதியில் எத்தனை என்று எழுதுங்கள். உங்கள் பிரச்சினை முளைப்பு சதவீதம் இல்லை, ஒன்றாக வராததுதான்.

மண்வாசம்:

புகைநீர் நான் தருகிறேன், தீபாவளி கழித்து அந்தப் பக்கம் வருவேன். கேன் மட்டும் கொண்டுவாருங்கள்.